கடிதத்தின் அடியில் இரண்டு வரி

ஜூன் 14

என் அருமை ஆந்தைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், சரி, நம்புகிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது, கடிதத்தில் சண்டை போடவேண்டுமென்றால் தபால்தலை வாங்க வேண்டியிருக்கும், அதனால் கடிதமே நல்லது என்று ஆரம்பித்து வைத்தவன் நீ. இப்போது பதில் போட மாதக்கணக்காகிறது உனக்கு.

பஸ் நிலையத்தில் என் விசாரணைக் கவுண்டருக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பேசுவதற்கு ஓட்டை வைக்க மறந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, "ஏம்மா, நேத்து போன பஸ் எப்ப வரும்?" என்று கத்தினார். "நேத்தே வந்துடுச்சுங்க" என்று நானும் கத்தினேன். ரொம்பத் திருப்தியாகப் போய்விட்டார்.

உன் மாமா விளையாட்டு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை. காலையில் நடக்கக் கிளம்பும்போது படியெல்லாம் ஊதிக்கொண்டே இறங்குகிறார். எங்கள் மூன்று மாடிக்கும் அதுதான் அலாரம். மீதியை அவரே எழுதட்டும்.

உன் அக்கா

மச்சான், இருட்டு ரூமிலேயே கிடக்காதே. காலையில் அரை மணி நேரம் வெயிலில் ஓடு. ஓட முடியாவிட்டால் நட. இரண்டும் இல்லையென்றால் நேரில் வந்து ஊதுவேன்.
— விசில்

*

ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

எனக்குத் தும்மலைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதம் வந்தால் முதலில் நான் படிப்பது அடியில் இருக்கும் இரண்டு வரியைத்தான். கோபித்துக்கொள்ளாதே. மாமா பேனாவை அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கம் எழுத்தெல்லாம் புடைத்திருக்கிறது. கண் தெரியாதவர்கூட அவரிடம் திட்டு வாங்கலாம்.

இங்கே அதே இருட்டு அறை, அதே இரண்டு திரை. திரை முழுக்க ஸ்கேன் படங்கள்: முட்டி, முட்டி, முட்டி. எனக்கு மனிதர்கள் என்றால் தொடையில் பாதியிலிருந்து கெண்டைக்காலில் பாதிவரைதான். அதற்கு மேலும் கீழும் என்ன இருக்கிறதென்று யாரும் காட்டுவதில்லை. நான் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று எழுதிய ஆள் லிப்டில் என் பக்கத்திலேயே நின்றாலும் எனக்குத் தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான். காலையில் செருப்பை எந்தக் கோணத்தில் கழற்றிவிட்டேனோ, சாயங்காலம் அதே கோணத்தில் கிடக்கிறது. கலைக்க ஆளில்லை. அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது.

மாமாவிடம் சொல்: நேற்று நடந்தேன். மழை வந்தது. மழைக்கு நான் பொறுப்பில்லை.

உன் தம்பி

*

அக்டோபர் 20

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? இடையில் நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. எழுத உட்கார நேரமே அமையவில்லை.

இத்துடன் ஒரு சிடி அனுப்பியிருக்கிறேன். என் வலது முட்டி அதற்குள் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் பஸ் நிலையப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். முட்டிக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ அப்பளத்தை உடைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள். இங்கே டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஜவ்வுல ஏதோ இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். வீட்டிலேயே முட்டி டாக்டர் இருக்கும்போது வெளியே எதற்கு என்று உனக்கு அனுப்பிவிட்டேன். தொடையில் பாதியிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், பயப்படாதே, முகம் இல்லை.

மாமா வெளியே போயிருக்கிறார். அதனால் இந்த முறை திட்டு இல்லை.

அக்கா

*

நவம்பர் 1

அக்காவுக்கு,

சிடி நேற்று வந்தது. இன்று காலை முதல் வேலையாக உன் முட்டியைத் திரையில் போட்டேன். பதினெட்டு வருடமாகப் படம் பார்க்கிறேன், தெரிந்தவர் முட்டி இதுதான் முதல் தடவை. கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இரண்டு ஜவ்வு உண்டு. பிறை வடிவம். நல்ல ஜவ்வு படத்தில் கன்னங்கரேலென்று முக்கோணமாகத் தெரியும். அதற்குள் வெள்ளைக் கோடு ஓடி விளிம்பைத் தொட்டால் கிழிசல் என்று சந்தேகப்படலாம். ஒரு படத்தில் தொட்டால் போதாது, இரண்டிலாவது தொட வேண்டும்.

உன்னுடையது இதைவிடத் தந்திரமானது. உள்பக்க ஜவ்வின் பின்முனை எலும்பில் வேர்விட்டுப் பிடித்திருக்கும் இடமே அறுந்துவிட்டது. பக்கவாட்டுப் படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தால் கறுப்பு, கறுப்பு, கறுப்பு, அப்புறம் ஒரே ஒரு படத்தில் ஜவ்வைக் காணோம். அடுத்ததில் வேறு பகுதி வந்துவிடுகிறது. நாங்கள் அதைப் பேய் ஜவ்வு என்போம். கிழிந்ததைப் பார்ப்பது சுலபம் அக்கா. இருக்க வேண்டியது இல்லை என்று பார்ப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். உங்கள் ஊர் ஸ்கேன் அறிக்கையில் அதைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். நான் பிடித்துவிட்டேன்!

வேர் அறுந்தால் மெத்தை வெளியே பிதுங்கிவிடும். எலும்பும் எலும்பும் உரசும். குருத்தெலும்பு இன்னும் நன்றாக இருக்கிறது, அதனால் இப்போதே தைத்துவிட வேண்டும். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் முட்டியையே மாற்ற வேண்டி வரும். உடனே ஆஸ்பத்திரியில் நாள் வாங்கு.

மாமாவின் வரி இல்லாமல் கடிதம் மொட்டையாக இருந்தது.

தம்பி

*

நவம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். என் முட்டிக்குள் பேய் இருக்கிறதென்று அடுத்த வீட்டம்மாவிடம் சொன்னேன், அன்றிலிருந்து என்னோடு படியில் இறங்கப் பயப்படுகிறார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். ஆறு வாரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார நான் என்ன கொக்கா? இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. முட்டிக்குப் பட்டை போட்டிருக்கிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன்.

இவ்வளவு எழுதினாயே, கறுப்பு, வெள்ளை, முக்கோணம், வேர் என்று. வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! சும்மா சொன்னேன். படத்தில் தெரியாததை நீ எப்படிக் கேட்பாய்.

மாமா தூங்குகிறார். எழுப்ப வேண்டாமென்று விட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

டிசம்பர் 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமில்லை என்பதற்கு என்னிடம் நூற்று இருபது படங்கள் இருக்கின்றன.

உனக்கு எத்தனை தடவை சொல்வது? இது சுளுக்கு இல்லை. ஒத்தடத்தில் வேர் ஒட்டாது. நீ வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தேய்கிறது. தெரிந்த டாக்டருக்கு நானே எழுதி நாள் வாங்கினேன், நீ போகவில்லை என்று அவர் பதில் போட்டிருக்கிறார். போன் போட்டாலும் நீ எடுப்பதில்லை. எனக்கு எவ்வளவு அவமானம்!

ஒன்று கேட்கிறேன். மாமா என்ன செய்கிறார்? ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் ஓட ஓட விரட்டியவர், கட்டிய மனைவி நொண்டி நொண்டி நடக்கிறதைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறாரா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? மூன்று வருடமாக நான் வரவில்லை என்று என்மேல் கோபமென்றால் என்னைத் திட்டி எழுதட்டும். அடியில் இரண்டு வரி எழுதக்கூட மனசில்லாத அளவுக்கு என்ன செய்துவிட்டேன்? எனக்கு எழுதுகிறவர்கள் என்று வேறு யாரும் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

தம்பி

*

டிசம்பர் 19

தம்பிக்கு,

மாமாவைப் பற்றி இப்படி இன்னொரு தரம் எழுதாதே. முட்டியைப் பற்றியும் இனிமேல் பேச வேண்டாம்.

நாங்கள் இருவரும் நலம்.

அக்கா

*

டிசம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

உன் மூன்று வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். நேற்று உன் சிடியை மறுபடி போட்டேன். நான் சொன்னது சரிதான் என்று உனக்கு நிரூபிக்க வேண்டும், அதற்காகத்தான் போட்டேன். மறைப்பானேன்.

எங்கள் தொழிலில் முதல் வருடமே திட்டித் திட்டிச் சொல்லித்தருகிற தப்பு ஒன்று உண்டு. ஒரு கிழிசலைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கண் அதோடு நின்றுவிடும். பக்கத்திலிருப்பது எதுவும் அப்புறம் தெரியாது. பேயைப் பிடித்துவிட்டேன் என்று குதித்தேனே, அதே தப்பு.

படியில் விழுந்தேன் என்றாய். அப்படி விழுந்தால் பெரும்பாலும் எலும்புக்குள் அடிபட்ட வெள்ளைத் திட்டு தெரியும். வாரக்கணக்கில் மறையாது. உனக்கு ஒரு திட்டுகூட இல்லை. முட்டிச்சிப்பிக்கு முன்னால், தோலுக்கு அடியில், நீர்கோத்த ஒரு மெல்லிய பை இருக்கிறது. அன்றைக்கே பார்த்தேன், முக்கியமில்லை என்று தாண்டிவிட்டேன். அது மண்டியிட்டு வேலை செய்கிறவர்களுக்கு வருவது. தரையில் ஓடு பதிக்கிறவர்கள் முட்டியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எங்கிருந்து வந்தது?

உன் வயதில் இந்த வேர் அறுவது பெரும்பாலும் குத்துக்காலிட்டு எழும்போதுதான். கையில் கனம் இருந்தால் இன்னும் சுலபமாக அறும்.

அப்புறம் உன் கடிதங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூனுக்குப் பிறகு ஒன்றில்கூடக் கவுண்டர் கதை இல்லை. ஒன்றில்கூட மாமா இல்லை. வெளியே போயிருக்கிறார், தூங்குகிறார், அவ்வளவுதான்.

அக்கா, நீ யாரைத் தூக்குகிறாய்?

தம்பி

*

ஜனவரி 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுததும் நல்லதாகத்தான் இருந்தது.

மாமாவுக்கு மறதி போன வருடத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஜூனில் உனக்கு எழுதிய அந்த இரண்டு வரியை எழுதி முடிக்க அவருக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. அதற்கப்புறம் பேனாவைக் கொடுத்தால் விசில் என்று நினைத்து வாயில் வைத்து ஊதுகிறார். ஒரு நாள் நடக்கப் போனவர் வழி தெரியாமல் வேறு பேட்டையில் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் நான் வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தால் எங்கேயோ கவுண்டரில் பார்த்த ஞாபகம் மட்டும் வருகிறது போலிருக்கிறது. சாயங்காலமானால் வந்து நின்று, "மேடம், என் வீட்டுக்காரி எந்த பஸ்ல வர்றா?" என்று கேட்கிறார். "அடுத்த பஸ்ல வர்றாங்க சார், உக்காருங்க" என்பேன். "தேங்க்ஸ் மேடம்" என்று உட்கார்ந்துகொள்வார். அந்த ஆள் ஒரு நாளும் எனக்குத் தேங்க்ஸ் சொன்னதில்லை தம்பி. இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார்.

குளியலறையில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அவர் உயரமும் கனமும் உனக்குத் தெரியுமே. மண்டிபோட்டுச் சோப்புப் போட்டு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கும்போதுதான் 'டப்' என்றது. உதவிக்கு ஓர் அம்மாளை வைத்தேன். அவர் தொட்டால் இவர் அடிக்கிறார். அடுத்த நாளே நின்றுவிட்டார். ஆறு வாரம் காலைத் தரையில் வைக்காவிட்டால் இவரை யார் தூக்குவார்கள்?

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். சொன்னால் நீ படம் கேட்பாய். அவர் தலைப் படம். பார்த்துவிட்டு எது எவ்வளவு சுருங்கியிருக்கிறது, இன்னும் எத்தனை நாள் என்று சரியாகச் சொல்லிவிடுவாய். நீ சரியாகச் சொல்கிறவன் என்பதுதான் எனக்குப் பயம்.

போனை எடுக்காததற்கும் கோபித்துக்கொள்ளாதே. நீ அவரைக் கூப்பிடச் சொல்வாய் என்றுதான் எடுக்கவில்லை.

அக்கா

*

ஜனவரி 26

அக்கா,

தலைப் படம் கேட்க மாட்டேன். என்றைக்கும்.

மூன்று மாதம் விடுமுறை எழுதிக்கொடுத்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் கேட்காத ஆள் கேட்டதால் மேலதிகாரி பயந்துபோய் உடனே கையெழுத்துப் போட்டார். ஆளைத் தரையிலிருந்து தூக்குவது எப்படி என்று எங்கள் பிசியோதெரபிஸ்டிடம் பழகுகிறேன். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார், நான் தூக்கினேன், இருவரும் விழுந்தோம். இன்று தேவலை.

பத்தாம் தேதி வருகிறேன். ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டேன். இந்த முறை என்னை அவமானப்படுத்திவிடாதே.

தம்பி

*

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

உன் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து எழுதுகிறேன். மாமா உடம்பு நன்றாக இருக்கிறது. அடுப்பு என்னைப் பார்த்தாலே அணைந்துவிடுகிறது, மற்றபடி நானும் நலம். தையல் பிரித்தாயிற்றா?

போனில் பேச முடியாது என்று நீயே புரிந்துகொண்டிருப்பாய். அன்றைக்கு உன் குரலைக் கேட்டுவிட்டு வீடெல்லாம், கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார். ஆறு வாரம் முடியாமல் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாடி ஏற முடியாது, அவரை இறக்கிக் கூட்டிவரவும் முடியாது. அவரை விட்டுவிட்டும் வர முடியவில்லை. ஆக, நமக்கு எழுதி வைத்தது கடிதம்தான்.

முதல் வாரம் என்னை அடித்தார். இப்போது "சார்" என்கிறார். நான் புதிதாகச் சேர்ந்த டிரில் மாஸ்டர் என்று எண்ணம். காலையில் விசில் ஊதி என்னைக் கூடத்தைச் சுற்றி ஓடவிடுகிறார். ஓடுகிறேன் அக்கா. வேறென்ன செய்ய? மூச்சு வாங்குகிறது. வாசலில் என் செருப்பை ஒரு நாளும் விட்ட இடத்தில் பார்க்க முடிவதில்லை. நேற்று ஒன்று தொட்டிச்செடிக்குள் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் வந்து நின்றார். "அடுத்த பஸ்ல வர்றாங்க சார்" என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். போகவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கவுண்டர்ல ஒரு மேடம் இருப்பாங்களே, அவங்க எங்க? அவங்கதான் கரெக்டா சொல்வாங்க" என்றார். ரொட்டியைக் கையில் கொடுத்தேன். சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார். பேனாவைக் கொடுத்துப் பார்த்தேன். அடியில் பார்.

தம்பி

கால் எப்படி இருக்கிறது? வலிக்கிறதா? தரையில் வைக்காதே. வைத்தால் ஃபவுல்.
— விசில்

*

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

தையல் பிரித்துவிட்டார்கள். நீயும் மாமாவும் நலமாக இருப்பதில் நிம்மதி. அடுப்பின் வலது பக்கத் திருகை முதலில் அமுக்கிவிட்டுத் திருப்பு.

இங்கே வார்டில் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மாலை நாலு மணிக்கு மற்ற ஐந்து கட்டிலுக்கும் ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன், அவர்கள் என்னைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாமே என்று. உன் கடிதம் அந்த நேரத்தில்தான் வந்தது. அதனால் திரும்பிப் படுக்கவில்லை.

அவர் மேடத்தைக் கேட்டாரா? நிஜமாகக் கேட்டாரா? வேறு எதில் வேண்டுமானாலும் எனக்காகப் பொய் சொல், அதில் மட்டும் சொல்லாதே. இனிமேல் கேட்டால், "லீவுல போயிருக்காங்க சார், வந்துடுவாங்க" என்று சொல். லீவு என்றால் அவருக்குப் புரியும்.

அடியில் இரண்டு வரி பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய். பின்பக்கம் தடவிப் பார்த்தேன், எழுத்தெல்லாம் புடைத்திருக்கிறது. தாள் ஓர் இடத்தில் கிழிந்தே விட்டது. அடியில் போட்ட 'விசில்' அச்சு அசல் அவர் கைதான். எத்தனை தாள் வீணாக்கினாயோ.

ஆனால் தம்பி, முப்பத்தோரு வருடத்தில் உன் மாமா ஒரு தடவை என்னைப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டதில்லை. விழுந்தால், "எழுந்திரு, ஒண்ணுமில்ல, ஓடு" என்பார். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோதும் அதைத்தான் சொன்னார். நல்ல மனிதர், அந்தக் கேள்வி மட்டும் அவருக்கு வராது. உனக்கும் வராது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

யார் கேட்டிருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே டாக்டரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், நர்சிடமும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

வலிக்கிறதுடா. ரொம்ப வலிக்கிறது.

அக்கா